பதம் பார்த்த ஜெல்லும் காலமும்

மருத்துவ ஜெல்லின் பெரிய பலம், அதை வேண்டிய பதத்துக்குக் கொண்டுவரலாம் என்பது. பாலிமர் இழைகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகளைக் கூட்டினால் ஜெல் விறைக்கும். குறைத்தால் நெகிழ்ந்து நீரை அதிகம் உறிஞ்சும். 1960-இல் ஓட்டோ விக்டெர்லேவும் த்ரஹோஸ்லாவ் லீமும் 'நேச்சர்' இதழில் அறிவித்த ஹைட்ரோஜெல் ஆய்விலிருந்துதான் மென்மையான கான்டாக்ட் லென்ஸ் பிறந்தது.

இப்படிப் பதம் மாற்றும் முறையின் குறையையும் அதே லென்ஸ் காட்டியது. கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் பெரும்பாலும் காற்றிலிருந்து, லென்ஸில் உள்ள சுமார் 38 சதவீத நீரின் வழியாகவே போய்ச் சேர வேண்டும். நீரைக் கூட்டினால் ஆக்சிஜன் கூடும், ஆனால் லென்ஸ் எளிதில் கிழியும். 1990-களின் இறுதியில் வந்த சிலிகோன் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் இந்தச் சிக்கலைத் தீர்த்தன. ஆனால் சிலிகோனில் நீர் ஒட்டாது என்பதால், அவற்றின் மேற்பரப்பைத் தனியே பதப்படுத்த வேண்டியதாயிற்று. ஒரு பண்பில் கை வைத்தால் இன்னொன்றும் நகர்கிறது.

செல் ஆய்விலும் இதுதான் நடந்தது. ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் குழுவினர் 2006-இல் ஜெல்லின் விறைப்பை மாற்றிப் பார்த்தார்கள். ஒரு கிலோபாஸ்கலுக்குள் ஸ்டெம் செல்கள் நரம்புச் செல்களின் சாயலைப் பெற்றன. 25 முதல் 40 கிலோபாஸ்கல் வரை எலும்புச் செல்களின் சாயலைப் பெற்றன. அருமையான ஆய்வு. ஆனால் விறைப்போடு ஜெல்லின் துளை அளவும் மாறும் என்பதால், செல் உணர்ந்தது எதை என்ற விவாதம் பின்னர் எழுந்தது.

இவற்றையெல்லாம் விட என்னை உறுத்துவது காலம். விழித்திரை விலகலுக்கு 1980-களில் கண்ணின் வெளிச்சுவரில் வைத்துத் தைத்த 'மிராஜெல்' என்ற ஹைட்ரோஜெல் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது மென்மையானது, திசுவை அரிக்காது என்று மருத்துவர்கள் நம்பிப் பொருத்தினார்கள். பல ஆண்டுகள் கழித்து, அதன் வேதிப்பிணைப்புகள் நீரால் சிதைந்து பட்டை வீங்கியது. சிலருக்குக் கண்ணசைவையே தடுத்தது. வெளியே எடுக்கப் போனால் துண்டு துண்டாக உடைந்தது. 1990-களில் விற்பனை நின்றது. பொருத்திய நாளில் அதன் பதத்தில் யாரும் குறை காணவில்லை.

இன்றும் பல ஆய்வறிக்கைகள், ஜெல் தயாரான நாளில் அளந்த விறைப்பை ஒற்றை எண்ணாகக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அது போதாது. உடலில் நெடுங்காலம் தங்கவிருக்கும் ஜெல்லுக்கு, வீக்கமும் விறைப்பும் மாதங்கள், ஆண்டுகள் போக்கில் எப்படி மாறின என்ற கணக்கை ஆய்விதழ்களும் ஒப்புதல் தரும் அமைப்புகளும் கட்டாயமாகக் கேட்டு வாங்க வேண்டும்.