விழுந்தெழும் வண்டி: மலைப்பயணத்துக்குப் பின் ஹிமாலயன் 411

2016-இல் வெளிவந்து, 2023-இன் இறுதியில் 452 சிசி எஞ்சின் கொண்ட புதிய ஹிமாலயனுக்கு இடம்விட்டு ஒதுங்கிய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, சென்னையை அடுத்த தொழிற்சாலைகளில் உருவானதாயினும், மணாலியிலிருந்து லே வரை 400 கி.மீ.க்கு மேல் நீளும் மலைச்சாலையில்தான் பெயர் பெற்றது. அதன் வேகத்தைப் பற்றியும் எரிபொருள் சிக்கனத்தைப் பற்றியும் ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. கூட்டுப்பயணம் முடிந்து பட்டறைக்கு வரும்போது எந்தெந்தப் பாகங்கள் கெட்டிருக்கின்றன, அவை எவ்வளவு எளிதில் சீராகின்றன என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. நெடும்பயண வண்டியை எடைபோட இதைவிடப் பொருத்தமான அளவுகோல் வேறில்லை. அந்த அளவுகோலில் 411 தன் எடையையும் திறன்குறைவையும் மீறித் தேறிவிடுகிறது.

திறன்குறைவு என்பது வெறும் குறைகூறல் அன்று. இதன் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் சுமார் 24 குதிரைத்திறனும், சக்கரத்தைச் சுழற்றும் திருகு விசையாகிய முறுக்குவிசையில் 32 நியூட்டன் மீட்டரும் தரும் என்பது கடல்மட்டக் கணக்கு. 5,300 மீட்டரைத் தாண்டும் தங்லங் லா கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான் என்பதால், எஞ்சினின் வலுவும் அதே விகிதத்தில் சரிகிறது. தொடக்க கால வண்டிகளில் இருந்த கார்புரேட்டர் அந்த மெலிந்த காற்றிலும் பெட்ரோலை வழக்கம்போலக் கலந்து புகை கக்க வைத்தது. 2017 முதல் வந்த ஃபியூயல் இன்ஜெக்ஷன், அதாவது உணரிகளின் அளவீட்டைக் கொண்டு பெட்ரோலை அளந்து தெளிக்கும் முறை, கலவையைத் திருத்தியதேயன்றி இல்லாத காற்றை உண்டாக்கவில்லை. ஆகவே சுமையேற்றிய வண்டி கொண்டையூசி வளைவில் திணறும்போது ஓட்டுநர் கிளட்சைப் பாதி பிடித்தபடியே, ‘ஆஃப் கிளட்ச்’சில், வண்டியை இழுத்துச் செல்கிறார், கிளட்ச் தகடுகள் உரசிக் கருகுகின்றன. பயணம் முடிந்த வண்டி மேட்டில் எஞ்சின் இரைச்சல் கூடியும் வேகம் கூடாமல் நின்றால், அந்த மலையேற்றத்தின் விலை அதுதான்.

கூட்டமாகச் செல்வதே தனி இடர் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்னால் செல்பவர் சற்றே வேகம் குறைத்தால் அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் கூடுதலாகக் குறைக்க நேர்கிறது; இந்தக் குறைவு வரிசை நெடுகப் பெருகிச் சென்று, கடைசியில் வருபவரை ஒருகணம் நிறுத்தியும் மறுகணம் விரட்டியும் அலைக்கழிக்கிறது. அனுபவம் குறைந்தவரைக் கடைசியில் விடுவது எனவே தவறான கருணை. தூசி கிளம்பும் மண்சாலையில் முன்வண்டியின் சக்கரத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத நிலையும் இதனோடு சேர்கிறது. ஆயினும் 411 உண்மையில் மிகுதியாக விழுவது ஓடும்போது அன்று, நிற்கும்போதுதான்: பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதிகளின் காலத்தில் 199 கிலோவை எட்டிவிட்ட இவ்வண்டி, பெட்டிகளும் ஏற்றப்பட்ட நிலையில் சரளைக்கல்லில் ஒரு கால் வழுக்கினாலே கைமீறிச் சாய்ந்துவிடுகிறது.

சாய்ந்தபின் என்ன உடைகிறது என்பதில்தான் வடிவமைப்பாளரின் முன்யோசனை தெரிகிறது. பெட்ரோல் டேங்கின் இருபுறமும் உள்ள இரும்புச் சட்டங்கள் டேங்கைக் காக்கின்றன. எஞ்சினின் அடிப்புறத்தைத் தகட்டுக் காப்பு மறைக்கிறது. முகப்பு விளக்கு ஹேண்டில்பாரோடு திரும்பாமல் வண்டியின் சட்டகத்தில் பொருத்தப்பட்டிருப்பதால், ஹேண்டில்பார் வாங்கும் அடி நேராக விளக்குக்குப் போவதில்லை. உடைவன கிளட்ச் லீவர், பிரேக் லீவர், பக்கக் கண்ணாடி, இண்டிகேட்டர் ஆகியவையே, அதாவது பையில் எடுத்துச் செல்லத்தக்க மலிவான உதிரிகளே. குழுவில் பலரும் ஒரே வகை வண்டியில் செல்வதன் பயனும் இங்கேதான்: ஒருவர் பையிலுள்ள லீவர் எல்லோருக்கும் பொருந்தும்.

விழுந்தெழுந்த வண்டி நேராக ஓடும்போதும் ஹேண்டில்பார் ஒருபுறம் திரும்பியே நின்றால், ஃபோர்க் வளைந்துவிட்டது என்று பலர் அஞ்சிவிடுகின்றனர். பெரும்பாலும் நடந்திருப்பது, முன்சக்கரத்தைத் தாங்கும் இரு ஃபோர்க் குழாய்களும் அவற்றைப் பிடித்திருக்கும் கவ்விகளுக்குள் சற்றே முறுகியிருப்பதுதான். கவ்விகளின் போல்ட்டுகளையும் முன் அச்சையும் தளர்த்தி, சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே பிடித்து ஹேண்டில்பாரை நேராக்கி, மீண்டும் முறைப்படி முடுக்கினால் அது சரியாகிவிடும். இதை அறியாமல் புதுக் குழாய்களுக்குச் செலவிட்டோர் உண்டு.

நீரோடைகள் வேறுவகைத் தொல்லை. பனி உருகி வரும் ஓடைகள் காலையில் கணுக்கால் அளவும் பிற்பகலில் முழங்கால் அளவும் பெருகக்கூடும் என்பதால், குழு தாமதமாகக் கிளம்புவதே பாதி விபத்துக்குக் காரணம். ஓடைக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் செல்ஃப் பொத்தானை அழுத்தவே கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், காற்றைப் போல் நீர் சுருங்காதாகையால், பிஸ்டனின் தள்ளுவிசை கனெக்டிங் ராடை வளைத்துவிடும். அதன்பின் எஞ்சினை முழுதும் பிரிப்பதைத் தவிர வழியில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுழற்றி நீரை வெளியேற்றுவதும், எஞ்சின் ஆயில் பால்கலந்தது போல் வெளுத்திருந்தால் அதை உடனே மாற்றுவதும் முதலுதவி.

இவ்வண்டியின் மெய்யான குறை சக்கரங்களில் இருக்கிறது. 21 அங்குல முன்சக்கரமும் 17 அங்குலப் பின்சக்கரமும் கம்பிகள் கோத்தவை. கல்லடி பட்டால் ரிம் நெளியுமே தவிர வார்ப்புச் சக்கரம் போல் விரிசல் விடாது, நெளிந்ததையும் கோட்டம் எடுத்துவிடலாம். ஆனால் கம்பிகளின் முனைகள் ரிம்மைத் துளைத்துச் செல்வதால் உள்ளே ட்யூப் தேவைப்படுகிறது, ட்யூப் இருப்பதால் ஒவ்வொரு பஞ்சருக்கும் சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருக்கிறது. ட்யூப் இல்லாத டயரில் வெளியிலிருந்தே திரி செருகிச் சில நிமிடங்களில் முடியும் வேலை, இங்கே டயர் நெம்பியும் பம்பும் ஒட்டும் கொண்டு நெடுநேரம் நீள்கிறது. நிறுவனமே சென்ட்டர் ஸ்டாண்டு கொடுத்திருப்பது இந்த இடத்தில் பெரிய ஆறுதல்.

காற்றழுத்தத்தில் ஒரு நுட்பம் உண்டு, பலரும் கவனிக்காதது. அழுத்தமானி காட்டுவது டயரின் உள்ளழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை. வெளியழுத்தம் பாதியாகும் உயரத்தில், குளிரால் உள்ளழுத்தம் ஓரளவு குறைந்தாலும், மானியின் எண் சில பிஎஸ்ஐ கூடியே நிற்கும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவோர், சமவெளிக்குத் திரும்பியதும் தொய்ந்த டயரோடு நெடுஞ்சாலையில் விரைகின்றனர். அந்நிலையில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ரிம்முக்கும் சாலைக்கும் இடையே ட்யூப் நசுங்கி இரட்டைத் துளை விழுகிறது. மலையில் தப்பிய வண்டி ஊர் நெருங்கும்போது பஞ்சராவதற்குக் கெட்ட நேரம் காரணமன்று.

பட்டறையில் அடுத்துப் பார்க்கத்தக்கது ஃபோர்க் ஆயில் சீல். குழாயில் காய்ந்த சேறு சீலின் ரப்பர் உதட்டுக்குள் சிக்கி ஆயிலைக் கசிய விடும். கசிந்த ஆயில் பிரேக் பேடில் இறங்கினால் முன்பிரேக்கே பயனற்றுப் போகும். சீலை மாற்றுமுன் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் குழாய்க்கும் சீலுக்கும் இடையே செருகிச் சுற்றி, மணலை வெளியே எடுத்துப் பார்ப்பது நல்லது. பல கசிவுகள் அதோடு நின்றுவிடுகின்றன. செயினைக் கழுவி எண்ணெயிட வேண்டும் என்பதும், ஏர் ஃபில்டரை மாற்ற வேண்டும் என்பதும் சொல்லாமலே விளங்குபவை.

புதிய 450-உடன் ஒப்பிட்டால் 411-இன் இயல்பு இன்னும் தெளிவாகிறது. 450 ஏறத்தாழ 40 குதிரைத்திறன் தருவது, ரேடியேட்டரில் ஓடும் நீரால் குளிர்வது, ஆறு கியர் கொண்டது. கணவாய் ஏறுவதில் 411 அதன் அருகில் நிற்க முடியாது. ஆனால் ரேடியேட்டர் என்பது கல்லடிக்கு அஞ்ச வேண்டிய இன்னோர் உறுப்பு. 411-இல் வால்வுகளின் இடைவெளியைத் திருகும் நட்டும் கொண்டு பழகிய எந்த மெக்கானிக்கும் சீராக்கிவிடலாம். இரட்டைக் கேம்ஷாஃப்ட் கொண்ட 450-இல் அதற்குக் கேம்ஷாஃப்டுகளைக் கழற்றி, உரிய தடிமனுள்ள சில்லுகளை வைக்க வேண்டும். வலுவை விரும்புவோர் 450-ஐயும், தொலைவான ஊர்களின் சிறு பட்டறைகளை நம்பிச் செல்வோர் 411-ஐயும் தேர்வது நியாயமே.

411 இனிப் பழைய வண்டியாகவே கிடைக்குமாதலால், மலை கண்ட வண்டியை வாங்குவோர் பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் அதைச் சென்ட்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்திக்கொண்டு சோதிக்க வேண்டும். ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் தட்டுப்பட்டு நின்றால், அதைத் தாங்கும் குண்டுகளும் தடங்களும் சேர்ந்த கோன் செட் தேய்ந்திருக்கிறது. ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டும்போது ‘டொக்’ என்று ஒலித்தால் அந்தக் கோன் செட் தளர்ந்திருக்கிறது. கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினால் இறுகியவை கணீரென்றும் தளர்ந்தவை மந்தமாகவும் ஒலிக்கும். இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவையே. விலைபேசும்போது கழித்துக்கொண்டால் போதும். அடிக்காப்புத் தகட்டைக் கழற்றிப் பார்க்க விற்பவர் இடந்தர மறுத்தால் மட்டும் வேறு வண்டியைத் தேடுவது மேல்.