அகதிச் சிறுமியும் ஆடற்கலையும்

மிக்கேலா டிபிரின்சு தம் வளர்ப்புத்தாய் எலெய்னுடன் இணைந்து எழுதி 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டேக்கிங் ஃப்ளைட்’ என்னும் ஆங்கிலத் தன்வரலாறு, போரால் வீடிழந்த சிறுமியொருத்தி பாலே ஆடற்கலையால் உயர்ந்த வரலாறு எனப் பாராட்டப்பெறுகின்றது. பாராட்டுப் பிழையன்று, ஆயின் நூலின் உயிர்நிலை அவ்வுயர்ச்சியில் இல்லை என்பதே எம் கருத்து.

சியரா லியோனில் 1995-இல் பிறந்த இவர், உள்நாட்டுப் போரில் தந்தையை இழந்தார். பின்னர்த் தாயும் மறைந்தார். இவர் சேர்க்கப்பட்ட ஆதரவற்றோர் இல்லத்தில் 27 குழந்தைகளுக்கும் எண் இடப்பட்டிருந்தது. உணவும் உடையும் அவ்வெண் வரிசையிலேயே கிடைக்கும். மேனியில் வெண்புள்ளி படர்ந்தமையால் ‘பேயின் குழந்தை’ எனப் பழிக்கப்பட்ட இவருக்கு வாய்த்தது கடைசி எண். தொல்காப்பியர் இளிவரலுக்கு உரைத்த நிலைக்களன்களுள் பிணியும் ஒன்று. அதனை ஓர் எண்ணாலேயே உணர்த்திய நூல் பிறிதொன்றை யாம் கண்டிலேம்.

அவ்வில்லத்தின் வாயிலருகே காற்று அடித்துக் கொணர்ந்த இதழொன்றின் அட்டையில், காலின் நுனி விரலில் நிற்கும் ஆடல்மகளின் படம் இருந்தது. அது நடனம் என்பதனையும் சிறுமி அப்பொழுது அறியாள். ஈண்டு நம்பிக்கை அறிவின்பின் வரவில்லை. புதுமை பற்றிப் பிறந்த மருட்கையே நம்பிக்கையாயிற்று. நூலின் தலைசிறந்த பகுதி இதுவே.

1999-இல் அமெரிக்கக் குடும்பமொன்று இவரை மகவேற்றது. எட்டாம் வயதில் ‘நட்கிராக்கர்’ நாடகத்தின் முதன்மைப் பாத்திரம் கறுப்பினச் சிறுமி என்பதனால் இவருக்கு மறுக்கப்பட்டது. பாலே குழுநடனத்திலோ வரிசையில் நிற்பார் அனைவரும் ஒருவர்போல் தோன்றுதல் வேண்டும் என்பது மரபு. மேனி வேறுபட்டமையால் கடைசியில் நிறுத்தப்பட்டவள், வேறுபாடு தோன்றாமையையே இலக்கணமாகக் கொண்ட கலையில் தனக்கோர் இடம் தேடுகின்றாள்! நூலாசிரியர் இம்முரணைச் சொல்லுகின்றாரேயன்றி அதனுள் நின்று ஆராய்ந்திலர். 2011-இல் வெளிவந்த ‘ஃபர்ஸ்ட் பொசிஷன்’ ஆவணப்படத்தில், தோல்நிறம் எனக் கடையில் விற்கப்படும் நிறம் தம் மகளின் நிறமன்மையின் அன்னை அவ்வாடைப்பகுதிக்குச் சாயமேற்றும் காட்சி, நூலின் பிற்பகுதி முழுவதினும் மிகுதியாக இதனை விளக்கும். அப்பகுதி போட்டிகளையும் பள்ளிகளையும் அடுக்கி, 2013-இல் நெதர்லாந்துக் குழுவிற் சேர்ந்ததை நோக்கி விரைகின்றது.

மற்றோர் ஐயமும் உண்டு. நான்கு வயதிற்கு முற்பட்ட நிகழ்ச்சிகள் உரையாடல்களோடு விரிகின்றன. அவற்றுள் மகளின் நினைவு எத்துணை, தாயின் கை எத்துணை எனப் பிரித்தல் அரிது. இருவரும் 2024 செப்டம்பரில் 24 மணி நேரத்திற்குள் அடுத்தடுத்து மறைந்தமையின், இனி நூலின் நடையைக் கொண்டே அதனைத் துணிதல் வேண்டும்.