பழி இறங்கும் இடம்

குற்ற நாவல் படமாகும்போது, கதை மாறாமல் வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறோம். அந்த அளவுகோல் போதாது. டாஷியல் ஹாமெட்டின் 'தி மால்டீஸ் ஃபால்கன்' 1930-இல் நூலானது. வார்னர் பிரதர்ஸ் அதை 1931, 1936, 1941 என மூன்று முறை படமாக்கியது. முதல் படமும் நாவலை ஒட்டியே செல்கிறது. ஆனால் நிலைத்தது ஜான் ஹியூஸ்டனின் மூன்றாவது படம்தான். துப்பறிவாளன் சாம் ஸ்பேடின் மனதுக்குள் ஹாமெட் நுழைவதே இல்லை. கூட்டாளி கொலையுண்ட சேதி நள்ளிரவில் போனில் வந்ததும் அவர் காட்டுவது, நிதானமாகச் சிகரெட் சுருட்டும் விரல்களை. ஹியூஸ்டனும் அந்தப் பேச்சின்போது முகத்தை விட்டுவிட்டுப் போனையே காட்டுகிறார். இவன் நல்லவன்தானா என்ற சந்தேகம் இரண்டிலும் கலையாமல் இருக்கிறது. முடிவில் மட்டும் ஹியூஸ்டன் இளகிவிட்டார். காதலித்தவளைப் போலீசிடம் ஒப்படைத்த ஸ்பேடை, அவன் செய்தது சரியென்று ஒப்புக்கொண்டே, தன்னைத் தொடவிடாமல் விலக்குகிறாள் நாவலின் எஃபி, அவனுடைய செயலாளர். படத்தில் அந்தக் காட்சி இல்லை. நாவல் யார் மீது பழியை இறக்கியதோ, படமும் அவர் மீதே இறக்குகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கொலையாளி யார் என்பதே உயிராக இருக்கும் ஆங்கிலேயப் புதிர் மரபுக்கு இந்தக் கேள்வி பொருந்தாது என்பார்கள். அகதா கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்' (1939) நாவலில் பத்துப் பேரும் சாகிறார்கள். 1945-இல் வந்த படம், நாடகத்துக்காகக் கிறிஸ்டியே மாற்றிய முடிவைத் தழுவி, இருவரைக் குற்றமற்றவர்களாக்கிப் பிழைக்க வைத்தது. கொலையாளி அதே ஆள், புதிருக்கும் சேதமில்லை. நாவலின் கொடுமைதான் போய்விட்டது.

பட்ரீசியா ஹைஸ்மித்தின் உளவியல் மரபில் இழப்பு இன்னும் பெரிது. 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெய்ன்' (1950) நாவலின் நாயகன் கை, நெருக்குதல் தாளாமல் உண்மையிலேயே கொலை செய்கிறான். ஹிட்ச்காக்கின் 1951 படத்தில் செய்வதில்லை. படத்தின் ராட்டினக் காட்சி அபாரம், மறுக்கவில்லை. ஆனால் சாதாரண மனிதனும் கொலைகாரனாவான் என்ற நாவலின் சாரம் அங்கே கிடையாது.

ஹாலிவுட்டின் அன்றைய தணிக்கை விதிகள் வேறு வழி விடவில்லை என்று வாதிடலாம். அதே விதிகளுக்கு உட்பட்டுத்தான் பில்லி வைல்டர், ரேமண்ட் சாண்ட்லருடன் திரைக்கதை எழுதி, ஜேம்ஸ் எம். கெய்னின் 'டபுள் இன்டெம்னிட்டி'யை 1944-இல் எடுத்தார். பெயர்களும் முடிவும் மாறின. ஆயினும் கொலை செய்த இன்சூரன்ஸ் ஏஜென்ட்டே தொடக்கத்தில் வாக்குமூலம் கொடுக்கிறான். படம் முழுக்க அவனோடு சேர்ந்து நாமும் திட்டமிடுகிறோம், அகப்படக் கூடாதே என்று தவிக்கிறோம். விஷவாயு அறையில் அவனுக்குத் தண்டனை நிறைவேறும் காட்சியைப் படம்பிடித்தும் வைல்டர் வெட்டி எறிந்தார். சட்டம் கணக்கைத் தீர்த்துவிட்டது என்ற ஆறுதலோடு பார்வையாளர் வீடு திரும்ப அவர் விடவில்லை.