ஸ்டாப்வாட்ச் தேர்ந்தெடுத்த ரிசீவர்கள்

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லில் 2003 செப்டம்பர் 7 அன்று டிட்ராய்ட் லயன்ஸ் அணியும் அரிசோனா கார்டினல்ஸ் அணியும் மோதின. இரண்டு அணியிலும் ஒரு புதுமுக ரிசீவர், அதாவது எறியப்படும் பந்தை ஓடிப் பிடிப்பவர். லயன்ஸின் சார்லஸ் ரோஜர்ஸ் அந்த ஆண்டு டிராஃப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்டவர். அன்று இரண்டு டச் டவுன் அடித்தார். கார்டினல்ஸின் அன்குவான் போல்டின் 54ஆவது ஆள். 40 யார்டு ஓட்டத்துக்கு 4.7 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டவர் என்பதால் பின்னுக்குத் தள்ளப்பட்டவர். அவர் அன்று 217 யார்டு குவித்தார். ஆட்டத்தை 42–24 என்று லயன்ஸ் வென்றது. ஆனால் காறை எலும்பு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளிலும் முறிந்ததால், ரோஜர்ஸின் என்.எஃப்.எல். வாழ்க்கை 15 ஆட்டங்களோடும் மொத்தம் நான்கு டச் டவுனோடும் முடிந்துபோனது. போல்டின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பந்துகளைப் பிடித்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.

கல்லூரி ஆட்டக்காரர்களை 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் முறைவைத்து எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். முந்தைய ஆண்டு தோற்று நொந்த அணிக்கே முதல் வாய்ப்பு. ஆகவே முதல் பத்து இடங்களில் ஒருவர் தோற்றுப்போனால் அந்த அடி விழுவது ஏற்கெனவே நலிந்த அணியின் மேல்தான். லயன்ஸ் 2003, 2004, 2005 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் முதல் பத்துக்குள் ரிசீவரையே எடுத்தது. 2008இல் 16 ஆட்டங்களிலும் தோற்றது. இப்படித் தேறாமல் போனவர்களைச் சோம்பேறி, பொறுப்பில்லாதவர் என்று ஏசுவது ரசிகர்களுக்கு வழக்கம். என் கருத்து வேறு. இவர்களில் பலர் செய்யத் தவறியது அவர்களிடம் யாரும் சோதித்தே பார்க்காத வேலையை. தவறு பெரும்பாலும் தேர்ந்தெடுத்த முறையில்தான் இருக்கிறது.

ரிசீவரின் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பந்து நகர்ந்ததும், ஓரடி தூரத்தில் நிற்கும் கார்னர்பேக் என்ற தடுப்பாளர் இரண்டு கைகளாலும் அவர் மார்பில் மோதுவார். முதல் ஐந்து யார்டு வரை விதியும் அதற்கு இடம் தருகிறது. அந்த மோதலிலிருந்து நழுவி, வகுத்த பாதையில் ஓடி, குறித்த யார்டில் வேகத்தைச் சட்டென்று அறுத்துத் திரும்ப வேண்டும். அவர் திரும்புவதற்கு முன்பே குவார்ட்டர்பேக் பந்தை எறிந்திருப்பார். ஓர் அடி முந்தினாலோ பிந்தினாலோ பந்து எதிராளி கைக்குப் போய்விடும். கல்லூரி ஆட்டத்தில் திறமையான ரிசீவரைத் தொடக்கூட முடியாத தடுப்பாளர்களே அதிகம் என்பதால் இந்தச் சோதனை அங்கே அரிதாகத்தான் வரும். டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸில் நடக்கும் காம்பைன் தேர்விலோ எதிரே ஆளே கிடையாது. அங்கே அளக்கப்படுவது உயரம், எடை, கை நீளம், தாவும் உயரம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த 40 யார்டு நேரம். எளிதில் அளக்க முடிவதே முக்கியமானது என்றாகிவிடுகிறது.

2005இல் தன் ரிசீவர் ராண்டி மாஸை வேறு அணிக்குக் கொடுத்ததால் கிடைத்த ஏழாவது இடத்தில் மின்னசோட்டா வைக்கிங்ஸ் எடுத்தது வேகத்துக்குப் பெயர்போன ட்ராய் வில்லியம்சனை. அவர் தடுப்பாளரைத் தாண்டி ஓடினார். கைக்கு வந்த பந்தைத்தான் நழுவவிட்டார். 2009இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ், 4.30 விநாடியில் ஓடிய டேரியஸ் ஹேவர்ட்-பேயை ஏழாவதாக எடுத்தது. கால் காயத்தால் ஓடியே காட்டாத மைக்கேல் கிராப்ட்ரீ பத்தாவதாகப் போனார். ஹேவர்ட்-பே முதல் பருவத்தில் பிடித்தது ஒன்பது பந்து. மொத்தக் கணக்கில் கிராப்ட்ரீ அவரை வெகுதூரம் முந்தினார். 2017இல் 4.22 விநாடியில் காம்பைன் சாதனை படைத்த ஜான் ராஸைச் சின்சினாட்டி பெங்கால்ஸ் ஒன்பதாவதாக எடுத்தது. அந்தப் பருவத்தில் அவர் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. நியாயமாகச் சொன்னால், ராஸ் வெறும் ஓட்டக்காரர் அல்லர். கல்லூரியின் கடைசிப் பருவத்தில் 17 டச் டவுன் பிடித்தவர். ஆனால் அதற்கு முந்தைய பருவம் முழுவதையும் முழங்கால் காயம் விழுங்கியிருந்தது. காம்பைன் முடிந்த கையோடு தோளில் அறுவைச் சிகிச்சை வேறு. கையில் இருந்த ஆதாரம் ஒரே ஒரு நல்ல ஆண்டு. அதற்கு ஒன்பதாம் இடத்தின் விலையைக் கொடுக்க வைத்தது அந்த 4.22தான்.

இதற்கு மறுப்புகள் உண்டு, சில வலுவானவை. காயத்தை யார் முன்கூட்டிக் கணிப்பது? ஒப்புக்கொள்கிறேன். ரோஜர்ஸையும், 2015இல் ஏழாவதாக எடுக்கப்பட்டு முதல் ஆண்டு முழுக்க ஆட முடியாமல் போன சிகாகோவின் கெவின் ஒயிட்டையும் தேர்வாளர்களின் தவறாக எழுதுவது அநியாயம். அடுத்தது, 195ஆவதாகப் போன ஆண்டோனியோ பிரவுனையும் 177ஆவதாகப் போன புக்கா நக்குவாவையும் போலச் சாதித்தவர்களைக் காட்டி, பிந்திய சுற்றே போதும் என்று சொல்வது கண்கட்டு என்பது. அதுவும் சரிதான். அந்தச் சுற்றுகளில் எடுக்கப்பட்டுப் பெயர்கூட நிற்காமல் போனவர்கள்தான் பெரும்பாலோர். கால்வின் ஜான்சனும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டும் முதல் மூன்று இடங்களில் வந்தவர்களே. ஆனால் கேள்வி விலையைப் பற்றியது. ஆய்வாளர்கள் கேட் மாஸியும் ரிச்சர்ட் தாலரும் டிராஃப்டைப் பற்றிச் செய்த ஆய்வின்படி, எல்லா நிலைகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒருவர் தமக்கு அடுத்து அதே நிலைக்கு எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடும் வாய்ப்பு பாதியைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. அவ்வளவு சிறிய நிச்சயத்துக்கு அணிகள் கொடுப்பதோ ஏராளம். 2011இல் 27ஆம் இடத்திலிருந்து ஆறாம் இடத்துக்கு ஏறி ஜூலியோ ஜோன்ஸை எடுக்க அட்லாண்டா அணி ஐந்து டிராஃப்ட் தேர்வுகளை விட்டுக்கொடுத்தது. அவர் ஜெயித்தார், சரி, தோற்றிருந்தால்? லீகுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான 2011 ஒப்பந்தம் புதுமுகங்களின் சம்பளத்தைக் குறைத்ததால் பண நட்டம் சிறுத்தது. இழந்த தேர்வுகள் திரும்பி வருவதில்லை.

வேகம் வேண்டாம் என்பதல்ல வாதம். வேகமான ஒருவர் பந்தைத் தொடாமலே இரண்டு தடுப்பாளர்களை ஆழத்துக்கு இழுத்துச் செல்வார். மற்றவர்களுக்கு இடம் கிடைக்கும். அதற்கும் மதிப்பு உண்டு, முதல் பத்துக்கான மதிப்பு இல்லை. அதே பெங்கால்ஸ் 2021இல் ஐந்தாவதாக ஜமார் சேஸை எடுத்தது. அவரும் வேகமானவர்தான். ஆனால் எல்.எஸ்.யு. பல்கலைக்கழக அணியில், பின்னர் பெங்கால்ஸின் குவார்ட்டர்பேக் ஆன ஜோ பரோ எறிந்த பந்துகளைப் பிடித்து, நாட்டின் மிகக் கடினமான கல்லூரிப் பிரிவின் கார்னர்பேக்குகளுக்கு எதிரே 2019இல் 1,780 யார்டு எடுத்துக் காட்டியிருந்தார். 2020 முழுவதும் ஆடவில்லை. அணி அதைப் பொருட்படுத்தவில்லை. முதல் பருவத்தில் அவர் 1,455 யார்டு எடுத்தார், பெங்கால்ஸ் சூப்பர் பவுல் வரை போனது. முதல் பத்தில் ரிசீவரை எடுப்பது தவறில்லை. நல்ல தடுப்பாளருக்கு எதிரே நின்று காட்டாதவரை அங்கே எடுப்பதுதான் தவறு.