‘மருந்து’ என்னும் நஞ்சு

பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் வட்டாரங்களில் இரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் பின்னாளில் செம்பனை வந்தது. பால்மரம் சீவிய பெண்கள் பலர் களைக்கொல்லி தெளிக்கப் போயினர். தோட்டத் தமிழ் அதனை ‘மருந்தடித்தல்’ என்றது. நோய் தருவதற்கு மருந்தென்று பெயர்! அப்பெயரின் மறைவை விலக்கிற்று, 2002-இல் தெனாகானித்தா அமைப்பு ‘பான்’ ஆசிய பசிபிக் அமைப்புடன் வெளியிட்ட ‘பாய்சன்டு அண்டு சைலன்ஸ்டு’ என்னும் ஆய்வறிக்கை. நஞ்சூட்டப்பட்டோர், வாயடைக்கப்பட்டோர் என்பது தலைப்பின் பொருள்.

தலைச்சுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல், தோல் எரிச்சல் எனப் பெண்கள் சொன்னவற்றைச் சோம்பலுக்குச் சாக்கு என ஒதுக்காமல் சான்றாக ஏற்றதே இவ்வறிக்கையின் முதற்சிறப்பு.

‘முறையாகக் கையாண்டால் தீங்கில்லை’ என்பது எதிர்வாதம். ஏட்டில் இது பொருந்தும், தோட்டத்தில் பொருந்தாது. முதுகில் சுமந்த தோம்பு கசியும். வெயிலும் ஈரக்காற்றும் முகமூடியைத் தாங்கவொட்டா. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி நகத்தையும் தோலையும் சிதைக்கும்; உடலுள் மிகுதியாகச் சென்றால் நுரையீரலில் திரண்டு அதனைத் தழும்பாக்கும். அதற்கு முறிமருந்து இல்லை. இத்தகைய நஞ்சில் கவனக்குறைவைக் குற்றமாக்குவது, நஞ்சின் குற்றத்தைக் கூலியாளின் தலையில் ஏற்றுவதேயாகும்.

எனினும் ஒன்று கூறல் வேண்டும். தலைவலியும் சோர்வும் பல காரணங்களால் வருவன. ஒருமுறை கேட்டறியும் ஆய்வு, இன்ன நஞ்சால் இன்ன நோய் என அறுதியிட்டுக் காட்ட இயலாது. இரத்தச் சோதனையும் முழுத்துணை ஆகாது. கோலினெஸ்டிரேசு சோதனை கரிமப் பாசுபர நஞ்சைக் காட்டும், பாராகுவாட்டைக் காட்டாது. எந்நாளில் எவர் எதனைத் தெளித்தார் என்னும் நாட்குறிப்பும், ஆண்டுதோறும் மருத்துவச் சோதனையும் இருந்தாலன்றி ஐயம் தீராது. அவற்றைப் பேணும் வசதி கூலிப் பெண்ணுக்கு இல்லை, நிருவாகத்துக்கே உண்டு. ஆதலின் சான்றின் குறை, நோயுற்றவளின் குறை அன்று.

2002-இல் மலேசிய அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006-இல் அதனைத் தளர்த்தியது. 2020 சனவரி முதல் நாள் முழுத்தடை நடப்புக்கு வந்தது. இடையில், 2007-இல், ஐரோப்பிய நீதிமன்றம் அங்கு அதற்குத் தந்த அனுமதியை நீக்கியது. அறிக்கைக்கும் முழுத்தடைக்கும் இடையே ஏறத்தாழ 18 ஆண்டுகள். ஐயத்தின் பயன் அத்தனை காலமும் நஞ்சுக்கே கிடைத்தது. அதனைத் தெளித்த பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. இவ்வறிக்கையை இன்றும் படிக்க வேண்டுவது அதற்காகவே.