துப்பறிவாளரின் தன்மை ஒருமை
வோல்ட்டர் டியூவின் நினைவுநூல் பற்றிய ஒரு நோக்கு

ஓய்வுபெற்ற பொலிஸ் உத்தியோகத்தர் எழுதும் நினைவுநூலை இலக்கிய விமர்சனத்தின் எல்லைக்குள் கொண்டுவருதல் தகுமா என்ற ஐயம் எழுதல் இயல்பே. அந்நூல் நாவலன்று, வரலாறு என்றும் கொள்ளமுடியாது. எனினும் ஒருவரைக் கொலைகாரர் எனப் பெயர்சுட்டிக் கூறும் துணிவு அதற்கு உண்டு. நீதிமன்றச் சாட்சிக்கும் அத்துணிவு உண்டெனினும், சாட்சி குறுக்கு விசாரணைக்கு முகங்கொடுத்தாக வேண்டும். நினைவுநூலாசிரியருக்கு அந்நிர்ப்பந்தம் இல்லை. எனவே அப்பணியை வாசகனே மேற்கொள்ளவேண்டியவனாகின்றான்.

இத்தகைய வாசிப்பை வேண்டிநிற்கும் நூல்களுள், ஸ்கொட்லன்ட் யாட்டின் பிரதம இன்ஸ்பெக்டராகவிருந்த வோல்ட்டர் டியூ 1938இல் வெளியிட்ட நூல் குறிப்பிடத்தக்கது. ‘கிரிப்பனைப் பிடித்தவன் நான்’ எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்டது அது. டியூ 1863இற் பிறந்து, 1882இல் இலண்டன் மாநகரப் பொலிசிற் சேர்ந்து, 1887இல் வைட்சப்பல் பகுதிக்குரிய பிரிவுக்கு மாற்றம் பெற்றவர். 1910இன் இறுதியில், கிரிப்பன் வழக்கு முடிந்த கையோடு ஓய்வுபெற்றார். நூல் வெளிவந்தபோது அவரது வயது ஏறத்தாழ எழுபத்தைந்து. ஆகவே அந்நூலிற் பேசுபவர் வழக்கை விசாரித்த மனிதரல்லர். அம்மனிதரை இருபத்தெட்டு ஆண்டுகளாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர்.

தலைப்பிலுள்ள ‘நான்’ என்ற சொல்லே முதலிற் பரிசீலனைக்குரியது. தலைப்பு பதிப்பாளரின் வணிக நோக்கிற் பிறந்ததாகவும் இருக்கலாம். ஆயினும் நூலின் தொனி அதற்கு முரணானதன்று. வழக்கின் நிகழ்ச்சிகளை அடைவாக நோக்குமிடத்து, அந்த ‘நான்’ எத்தனை பேரின் கைகளால் ஆனது என்பது புலனாகும். கிரிப்பனின் மனைவி கோரா, ‘பெல் எல்மோர்’ என்ற பெயரில் இசையரங்குகளிற் பாடியவர். இசையரங்கு மகளிர் சங்கமொன்றின் பொருளாளர். 1910 பெப்ரவரியில் அவர் மறைந்தபின், கிரிப்பனுடன் விருந்தொன்றுக்கு வந்த எதெல் லி நீவ் அணிந்திருந்த மார்பூசி கோராவினுடையது என்பதைக் கண்டுகொண்டோர் அச்சங்கத்துப் பெண்களே. அமெரிக்காவில் நோயுற்று இறந்தாள் எனக் கணவர் கூறிய கதையை நம்பாது துருவிக்கொண்டிருந்தோரும் அவர்களே. கோராவின் நண்பர்கள் யூன் இறுதியில் முறையிட்ட பின்னரே டியூவின் கைக்கு வழக்கு வருகின்றது.

யூலை 8ஆந் திகதி டியூ கிரிப்பனைச் சந்தித்தார். மனைவி இறக்கவில்லை, தம்மைவிட்டு ஓடிவிட்டாள், வெட்கத்தால் பொய் சொன்னேன் என்றார் கிரிப்பன். டியூ வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார். வீட்டையும் நிலவறையையும் சுற்றிப் பார்த்தார். ஐயுறத்தக்கது எதுவும் தென்படவில்லை. மறுநாளே கிரிப்பனும் எதெலும் தலைமறைவாயினர். 13ஆந் திகதி அதே நிலவறையின் செங்கற்றளத்தின் கீழ்த் தலையோ எலும்போ அற்ற மனித உடற்பகுதி தோண்டியெடுக்கப்பட்டது. ‘மொன்ட்ரோஸ்’ கப்பலில் தந்தையும் மகனுமாக வேடமிட்டுச் சென்ற இருவரை இனங்கண்டவர் கப்பற்றலைவர் கென்டல். அதனைக் கரைக்கு அறிவித்தது கம்பியில்லாத் தந்தி. டியூ வேகங்கூடிய ‘லோரென்டிக்’ கப்பலேறி முந்திச் சென்று, யூலை 31இல் கனடாக் கரையோரத்தில், மாலுமிவழிகாட்டியின் உடையிற் சென்று கைதுசெய்தார். வழக்கிலே பெரிதும் பேசப்பட்ட சான்றுகளும் துப்பறிவாளரின் மதிநுட்பத்தால் விளைந்தனவல்ல. உடலுடன் கிடந்த இரவுச்சட்டைத் துண்டில் துணிக்கடையின் பெயர்ச்சீட்டு இருந்தது. அக்கடை அப்பெயர்வடிவைப் பெற்றது 1906இல். கிரிப்பன் அவ்வீட்டிற் குடிபுகுந்ததோ 1905இல். எனவே உடலைப் புதைத்தவர் முன்னைய குடியிருப்பாளர் என்ற வாதம் எடுபடவில்லை. தோலிலிருந்த தழும்பு பற்றி ஸ்பில்ஸ்பரி சாட்சியம் அளித்தார். ‘ஹயோசின்’ என்ற நஞ்சு உடலிற் கண்டறியப்பட்டது.

இவர்களையெல்லாம் டியூ மறைத்தார் என்பது இங்கு குற்றச்சாட்டன்று. கதையின் இலக்கணமே அவரை அவ்வாறு எழுதச் செய்கின்றது என்பதே கவனிக்கற்பாலது. பலரின் ஐயமும் அறிவும் தற்செயலும் சேர்ந்து விளைத்த ஒன்றை, துப்பறியும் கதை ஒரு மனிதரின் வெற்றியாகவே சொல்லப் பழகிவிட்டது. ஆங்கில நாவல்களைத் தழுவி ஆரணி குப்புசாமி முதலியார் எழுதியவற்றை விரும்பிப் படித்த தமிழ் வாசகருக்கும் இப்பழக்கம் புதியதன்று. இதன்பால் டியூவுக்குச் சொந்தக் காரணமும் இருந்தது. கிரிப்பன் வழக்கில் தம்மைப்பற்றி எழுதப்பட்டவற்றுக்காக அவர் 1911இல் பல பத்திரிகைகள்மீது மானநட்ட வழக்குத் தொடுத்து வென்றவர். கையிலகப்பட்டவனைத் தப்பவிட்டார் என்ற பழி அவரை வருத்தியிருக்க வேண்டும். அவ்வகையில் 1938ஆம் ஆண்டு நூலை அந்த வாதத்தின் தொடர்ச்சி எனவுங் கொள்ளலாம்.

ஆயினும் இந்நூலின் சிறந்த பக்கங்கள் கைது பற்றியனவல்ல. யூலை 8ஆந் திகதி நண்பகலில், விசாரித்தவரும் விசாரிக்கப்பட்டவரும் ஒன்றாகச் சென்று உணவருந்தினர். கிரிப்பன் பசியோடு உண்டதை டியூ நினைவுகூர்கின்றார். அமைதியும் பணிவும் மிக்க அச்சிறிய மனிதரை வெறுக்க அவரால் இயலவில்லை என்பதும் நூலில் மறைக்கப்படவில்லை. இவ்விடத்திலே துப்பறிவாளரின் தன்னம்பிக்கை சற்றே விலக, மனிதர் வெளிப்படுகின்றார். கொலைகாரனின் முகத்தில் கொலை எழுதப்பட்டிருப்பதில்லை என்ற உண்மையை, விளக்கவுரைகள் எவற்றினும் அந்த ஒருவேளைச் சாப்பாடு நன்கு உணர்த்துகின்றது. அவ்வுண்மையை அவர் தம் தொழிலுக்கே பொருத்திப் பார்த்திருப்பாராயின் நூல் வேறொரு தரத்தை எட்டியிருக்கும். அவர் அங்கு நிற்கவில்லை, கப்பலுக்கு விரைகின்றார்.

கிரிப்பன் 1910 நவம்பர் 23இல் தூக்கிலிடப்பட்டார். யூரிகள் முடிவுக்கு வர எடுத்த நேரம் 27 நிமிடங்கள். 2007இல், மிச்சிக்கன் அரச பல்கலைக்கழக ஆய்வாளர், வழக்கிற் பயன்பட்ட கண்ணாடித் தகட்டிலிருந்த திசுவின் மரபணுவைக் கோராவின் தாய்வழி உறவினர் எனக் கருதப்பட்டோரின் மரபணுவுடன் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தவில்லை என அறிவித்தனர். திசு ஆணுடையது என்றும் பின்னர் கூறினர். வமிசவழி சரியாக நிறுவப்பட்டதா, திசு மாசுபட்டிருக்குமா என்ற மறுப்புகள் எழுந்தன, விவாதம் ஓயவில்லை. இவ்வாய்வினால் கிரிப்பன் நிரபராதியாகிவிடவில்லை. அவர் பொய்யும், ஓட்டமும், நஞ்சு வாங்கியமையும் அப்படியே உள்ளன. ஆனால் டியூவின் நூல் எந்த நிச்சயத்தின்மேல் எழுந்துநிற்கின்றதோ, அந்நிச்சயம் இன்றைய வாசகனுக்கு இல்லை. 1938இல் அவர் அறிந்திருக்க முடியாததற்கு அவரைக் குறைகூறல் நியாயமன்று. தமக்குத் தெரிந்ததற்கும் தாம் நம்பியதற்கும் இடையே அவர் கோடிட்டாரா என வினவுதல் நியாயமே. அக்கோட்டைக் காண்பது அரிது.

இதற்கு எதிர்நிலையில் வைத்தெண்ணத்தக்கவர் அதே ஸ்கொட்லன்ட் யாட்டைச் சேர்ந்த ஜொனதன் விச்சர். 1860இல் ரோட் ஹில் இல்லச் சிறுவன் கொலையில், அவ்வீட்டு மகள் கொன்ஸ்டன்ஸ் கென்ட் மீது அவர் கொண்ட ஐயம் சரியானதே. போதிய சான்றின்மையால் அவள் விடுவிக்கப்பட, பழி விச்சர்மீது விழுந்தது. அவர் ஓய்வுபெற்ற மறு ஆண்டில், 1865இல், கொன்ஸ்டன்ஸ் தானே குற்றத்தை ஏற்றாள். விச்சர் நினைவுநூல் எதனையும் வெளியிடவில்லை.

டியூவின் நூலில் கிரிப்பன் கதையை அடுத்து வருவது 1888ஆம் ஆண்டு வைட்சப்பல் கொலைகள் பற்றிய பகுதி. அங்கு வெற்றி இல்லை. கொலைஞன் பிடிபடவே இல்லை. அதனாற்போலும் அப்பகுதி கூடுதலான மனித உணர்வு கொண்டதாய் அமைகின்றது. மேரி கெலியைத் தெருவிற் பலமுறை கண்டறிந்தவர் டியூ. நவம்பர் 9ஆந் திகதி அவள் அறையிற் கண்ட காட்சி, தம் சேவைக்காலம் முழுவதிலும் மறக்கவொண்ணாததாக நின்றது என்கின்றார். மரண விசாரணையிற் சாட்சியமளித்தோருள் அவர் இல்லை. அரை நூற்றாண்டு கழிந்த நினைவு விவரங்களில் தடுமாறுவதாகவும் ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஆனாலும் அந்த அதிர்ச்சி புனைவெனத் தோன்றவில்லை. விவரம் பிழைத்தும் அனுபவம் உண்மையாயிருத்தல் நினைவிலக்கியத்தில் அரிதன்று.

அதே பகுதியில், கொலைஞனின் முதற்பலி 1888 ஏப்பிரலில் இறந்த எம்மா சிமித் என டியூ வாதிடுகின்றார். ஒரே கொலைஞன் என்ற கதைக்கு அத்தொடக்கம் அழகாகப் பொருந்துகின்றது. ஆனால் எம்மா சிமித் தாக்கப்பட்ட இடத்திலேயே இறக்கவில்லை. நடந்தே தங்குவிடுதிக்கு வந்து, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, உயிர்பிரியுமுன் பேசினாள். தன்னைத் தாக்கியவன் ஒருவனல்லன், பலர் என்பதே அவள் கூற்று. டியூ பணியாற்றிய பிரிவே அவ்வழக்கை விசாரித்தது.