'க்ரஷ்' என்ற சொல்லும் 'பிடிச்சிருக்கு' என்ற சொல்லும்

1

குன்னூரில் 'க்ரஷ்' என்கிற ஆங்கிலச் சொல் இரண்டு இடங்களில் புழங்குகிறது. ஒன்று டீ பேக்டரி. சிடிசி என்பது 'க்ரஷ், டேர், கர்ல்' என்பதன் சுருக்கம்: நசுக்கு, கிழி, சுருட்டு. 1930களில் அசாமில் உருவான எந்திரம் இது. பல் வெட்டிய இரண்டு எஃகு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும். வாடப்போட்ட பச்சை இலை உள்ளே போய் நொறுங்கி வெளியே வரும். இன்னொரு இடம் பஸ் ஸ்டாண்ட். கல்லூரிக்குப் போகிற பெண் தோழியின் காதில் சொல்கிறாள்: "எனக்கு அவன்மேல ஒரு க்ரஷ்டி."

இலையை நசுக்குவதும் மனசை நசுக்குவதும் ஒண்ணுதானா என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு ஏன் இரவல் சொல் தேவைப்பட்டது என்பதுதான் நமக்கு முக்கியம்.

2

ஈர்ப்பைக் குறிக்கும் பொருளில் இச்சொல் 1880களின் அமெரிக்கப் பேச்சுவழக்கில் தென்படுகிறது. அதற்குச் சற்று முன்பு, 1870களில், அங்கே பெண்கள் கல்லூரிகளில் ஒரு மாணவி இன்னொரு மாணவிமேல் கொள்ளும் தீவிரமான பற்றை 'ஸ்மாஷ்' என்று சொன்னார்கள். ஸ்மாஷ், மாஷ், க்ரஷ் எல்லாமே நொறுக்குகிற வினைகள். கல்யாணத்தில் போய் முடியாத, முடிய வேண்டிய கட்டாயமும் இல்லாத ஒரு விருப்பத்துக்கு இளம்பெண்களின் பேச்சு வைத்துக்கொண்ட பெயர்கள் இவை. இதை வெறும் சினிமாத்தனம் என்றோ, மேற்கின் ஆண்-பெண் காதல் மோகம் என்றோ ஒதுக்குகிற பண்பாட்டுக் காவலர்களுக்கு இந்த வரலாறு தெரியாது.

3

"இதெல்லாம் நம்மகிட்ட எப்பவோ இருக்கு, கைக்கிளைன்னு பேரு" என்று நமது தமிழறிஞர்கள் உடனே வருவார்கள். இருக்கிறதா?

தொல்காப்பியம் வரையறுக்கும் கைக்கிளையில், காமத்தை உணரும் பருவம் வராத ஒரு சிறுமியிடம் ஆண் பேசுகிறான். மறுமொழி கிடைப்பதில்லை. பேசிப் பேசியே இன்பம் காண்கிறான். பேச்சு அவனுடையது, மௌனம் அவளுடையது. பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை பெண்பாற் கைக்கிளைக்கும் இடம் தந்தது உண்மைதான். ஆனால் அது புலவர் எழுதிக்கொடுத்த பெண்குரல். பஸ் ஸ்டாண்டில் தோழியிடம் கிசுகிசுக்கிற பெண் தன் பேச்சைத் தானே பேசுகிறாள். கைக்கிளை என்று மொழிபெயர்த்த கணத்தில் பேசுகிறவளைப் பேசப்படுகிறவளாக மாற்றிவிடுகிறோம். பழம்பெருமையின் அதிகாரம் இப்படித்தான் வேலை செய்கிறது.

4

தெருத்தமிழிடம் போவோம். சைட் அடிக்கிறது, லைன் போடுறது, ஃபிகர், பீஸு. எல்லாம் ஆண் வாயில் பிறந்தவை. ஒருவன் செய்கிறான், ஒருத்தி செய்யப்படுகிறாள். பெண் எடுத்துப் பேசினாலும் அந்தப் பார்வை ஆணுடையதாகவே மிஞ்சுகிறது.

இவற்றுக்கு வெளியே நம்மிடம் ஒரு அருமையான சொல் உண்டு: பிடிச்சிருக்கு. "எனக்கு அவனைப் பிடிச்சிருக்கு." இங்கே 'நான்' செய்பவள் அல்ல, 'எனக்கு' நேர்ந்திருக்கிறது. பேய் பிடிக்கிறது, மழை பிடிக்கிறது, சளி பிடிக்கிறது மாதிரி. க்ரஷ் சொல்ல வருவதும் இதைத்தான். பிறகு ஏன் இது போதவில்லை?

ஏனென்றால் இந்தச் சொல்லைப் பெண் பார்க்கும் சடங்கு கைப்பற்றிக்கொண்டது. "பொண்ணு பிடிச்சிருக்கா?" என்று மாப்பிள்ளையிடம் சபையில் கேட்கிறார்கள். பஜ்ஜியும் காப்பியும் நடுவில். சாதி, ஜாதகம், சவரன் எல்லாம் பேசி முடித்த பிறகு கேட்கப்படும் கேள்வி அது. பெண் தானாக "பிடிச்சிருக்கு" என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக நிற்கும்: "அவன் என்ன ஆளுங்க?" ஒரு விருப்பத்தைச் சொன்ன உடனே அது சாதிக்கணக்கில் பதிவாகிவிடுகிறது.

'காதல்' என்ற சொல்லின் நிலைமை இன்னும் மோசம். 2012இல் சாதிமீறிய ஒரு திருமணத்தைச் சாக்கிட்டுத் தருமபுரியில் நத்தம் காலனி உட்பட மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. சாதிக் கட்சி மேடைகள் 'நாடகக் காதல்' என்றொரு வசையைப் பரப்பின. 2016இல் உடுமலையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். இன்னொரு பக்கம், மறுத்த பெண்மேல் ஆசிட் ஊற்றியவனின் குற்றத்தைப் பத்திரிகைகள் 'ஒருதலைக் காதல்' என்று எழுதின. கொலைவெறிக்கும் அதே சொல்.

க்ரஷ் இந்த இரண்டிலிருந்தும் தப்பித்து ஓடிய சொல். அது பதில் கேட்பதில்லை, உரிமை கோருவதில்லை. யாரும் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. அதன் அரசியல் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

5

ஆனால் தப்பிக்க ஓர் அறை வேண்டுமே. குன்னூரைச் சுற்றிய எஸ்டேட் லைன் வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், இடையில் ஒரு சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்படிப்பட்ட வரிசைகளில்தான் வளர்ந்தார்கள். அங்கே ஒரு பெண்ணின் விருப்பம் அந்தரங்கமாக இருக்க வழியே இல்லை. மறுநாள் மலைக்கு இலை பறிக்கப் போகும்போதே அது ஊர்ப்பேச்சு. 'சும்மா ஒரு க்ரஷ்' என்பதில் உள்ள 'சும்மா', கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தவர்களின் சலுகை. ஆங்கிலம் ஒரு கதவு. ஆங்கிலம் தெரிந்த அப்பா அம்மா இருந்தால் அதுவும் திறந்துகொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. எதையும் கோராத விருப்பம் எதையும் மாற்றுவதுமில்லை. மனசுக்குள் சாதி மீறிய க்ரஷ், மணவறையில் அப்பா பார்த்த பையன்: இரண்டும் ஒரே வாழ்க்கையில் சண்டையில்லாமல் ஒத்துப்போகின்றன. ஒழுங்கமைப்பு இந்த அளவுக்கு மீறலை அனுமதிக்கும். சொல்லப்போனால் வரவேற்கும்.

ஆகவே 'க்ரஷ்' வேண்டாம் என்று தனித்தமிழ்ச் சொல் தேடுவது நம் வேலை அல்ல. அது புழங்கட்டும். நம் வேலை, சடங்கிடமிருந்து 'பிடிச்சிருக்கு' என்பதைத் திரும்பப் பிடுங்குவது. லைன் வீட்டுப் பெண் அதை உரக்கச் சொல்லி, "என்ன ஆளுங்க?" என்ற கேள்வி எழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? சொல் மட்டும் போதாது. கொலையைத் தண்டிக்கும் தனிச்சட்டம், வேறு சுவர்கள் கொண்ட வீடு, அவள் கைக்கே வந்து சேரும் கூலி எல்லாம் வேண்டும். கவிதை எழுதுகிறவர்களும் சங்கம் நடத்துகிறவர்களும் இதை ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவோம்.